ஒரே ராக்கெட்டில் இத்தனை சாட்டிலைட் போகிறதே, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைப்பது யார்?

11 ஜூலை 2025, ஒரு வாசகரின் கேள்வி

சாட்டிலைட் வழியாக இன்டர்நெட் தரும் ஸ்டார்லிங்குக்கு, நம் விண்வெளி அனுமதி அமைப்பான இன்-ஸ்பேஸின் அனுமதி கிடைத்துவிட்டதாகச் செய்தி பார்த்தேன். இலங்கையில் இந்த மாதத் தொடக்கத்திலேயே சேவை ஆரம்பித்துவிட்டார்கள். என் சந்தேகம் வேறு. ஒரு ராக்கெட்டில் இருபது, முப்பது, அறுபது என்று அடுக்கி அனுப்புகிறார்களே, மேலே போனதும் ஷேர் ஆட்டோ மாதிரி ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒன்றை இறக்கிவிட்டுப் போகும், அப்படித்தானே? என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

12 ஜூலை 2025, காலை

மைத்துனரோடு பந்தயம் எதுவும் கட்டியிருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ராக்கெட் எல்லாரையும் ஒரே இடத்தில் மொத்தமாக இறக்கிவிடும். அதற்கப்புறம் அவரவர் வீட்டுக்கு அவரவர்தான் போய்ச் சேர வேண்டும். ராக்கெட்டின் வேலை ஒரு மணி நேரம். மீதி வேலை வாரக்கணக்கு, சிலவற்றுக்கு மாதக்கணக்கு. செய்தியில் காட்டுவது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

ஸ்டார்லிங்கின் முதல் பெரிய அடுக்கு 2019 மே மாதம் போனது. 60 சாட்டிலைட், ஒவ்வொன்றும் 227 கிலோ. ஃபால்கன் 9 ராக்கெட் அவற்றை 440 கிலோமீட்டர் உயரத்தில் விட்டது. அவை போக வேண்டிய உயரம் 550. நடுவில் இருக்கும் 110 கிலோமீட்டரை ஒவ்வொன்றும் தன் சொந்த மின் உந்தியில் (மின்சாரத்தால் வாயுவைப் பீய்ச்சித் தள்ளும் சின்ன எஞ்சின்) ஏறிக் கடந்தது.

விட்ட விதமும் வேடிக்கைதான். ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்பிரிங் கிடையாது. தட்டையான பலகைகளாக ஒன்றன் மேல் ஒன்று அடுக்கி, நீளக் கம்பிகளால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். மேலே போனதும் ராக்கெட்டின் மேல் பகுதியான இரண்டாம் நிலை தன்னை மெதுவாகக் குட்டிக்கரணம் போட வைக்கும். அந்தச் சுழற்சியில் கம்பிகளைக் கழற்றிவிட்டால் மொத்த அடுக்கும் தானாகப் பிரியும். அடுக்கின் நுனியில் இருப்பதற்கும் அடியில் இருப்பதற்கும் வேகத்தில் சின்ன வித்தியாசம் இருக்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போகும். ஒன்றோடொன்று லேசாக உரசினாலும் தாங்கும்படி செய்ததாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். முதல் தடவை அந்த வீடியோவைப் பார்த்தபோது ஏதோ கழன்று விழுகிறது என்றுதான் நினைத்தேன்.

12 ஜூலை, இரவு

"ராக்கெட்டே போய் இறக்கிவிட்டால் என்ன, எரிபொருள் கூடக் கொஞ்சம் போட்டால் ஆகாதா" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். ஆகாது. காரணம் உயரம் இல்லை, திசை.

ஒரு சாட்டிலைட் பூமியைச் சுற்றும் பாதை ஒரு தட்டையான பரப்பில் அடங்கும். அதைச் சுற்றுத்தளம் என்று வைத்துக்கொள்வோம். இன்டர்நெட் வேண்டுமென்றால் பூமியைச் சுற்றிப் பல தளங்கள் வேண்டும், ஒவ்வொரு தளத்திலும் பல சாட்டிலைட் வேண்டும். ஸ்டார்லிங்கின் முதல் தொகுதி 550 கிலோமீட்டரில், நிலநடுக்கோட்டுக்கு 53 டிகிரி சாய்வில், 72 தளங்கள், தளத்துக்கு 22 என்ற கணக்கு.

ஒரே தளத்துக்குள் முன்னே பின்னே நகர்வது சுலபம். தளத்தையே மாற்றுவதுதான் கொடுமை. 53 டிகிரி சாய்வில் ஒரு தளத்திலிருந்து 20 டிகிரி தள்ளி இருக்கும் இன்னொரு தளத்துக்கு நேரடியாகத் தாவ வேண்டுமானால், நொடிக்கு 2 கிலோமீட்டருக்கும் மேல் வேக மாற்றம் வேண்டும். 350 கிலோமீட்டரிலிருந்து 550-க்கு ஏற எவ்வளவு வேண்டும் தெரியுமா? நொடிக்கு சுமார் 110 மீட்டர். அங்கே ஒரு தடவை தாவும் காசுக்கு இங்கே கிட்டத்தட்ட இருபது தடவை ஏறலாம். எந்த ராக்கெட்காரனும் அந்தப் பக்கம் போக மாட்டான்.

13 ஜூலை

ஆனால் 2019 நவம்பரில் ஒரே ராக்கெட்டில் போன அறுபது மூன்று வெவ்வேறு தளங்களுக்குப் போயின. அது எப்படி? இந்த விஷயத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

பூமி சரியான உருண்டை இல்லை. நிலநடுக்கோட்டுப் பக்கம் பிதுங்கியிருக்கிறது. மையத்திலிருந்து துருவத்துக்கு உள்ள தூரத்தைவிட நடுக்கோட்டுக்கு உள்ள தூரம் 21 கிலோமீட்டர் அதிகம். அந்தப் பிதுக்கத்தின் ஈர்ப்பு சாய்வான சுற்றுத்தளத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஒரு சொட்டு எரிபொருள் செலவழிக்க வேண்டாம், தளம் தானாக மேற்கு நோக்கி நகரும். எவ்வளவு நகரும் என்பது உயரத்தையும் சாய்வையும் பொறுத்தது. 53 டிகிரி சாய்வில் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 4.5 டிகிரி. அதே சாய்வில் 350 கிலோமீட்டரில் சுமார் 5 டிகிரி.

வித்தியாசம் நாளுக்கு அரை டிகிரிக்கும் கொஞ்சம் குறைவு. இதை வைத்துத்தான் மொத்த விளையாட்டும்.

முதல் இருபதை உடனே மேலே ஏற்றிவிடுவார்கள். மீதி நாற்பது கீழேயே சும்மா சுற்றிக்கொண்டு இருக்கும். கீழே இருப்பவற்றின் தளம் வேகமாகத் திரும்புவதால், நாளாக ஆக மேலே போனவற்றின் தளத்திலிருந்து விலகும். 20 டிகிரி விலக நாற்பது நாள் சொச்சம் ஆகும். விலகியதும் அடுத்த இருபதை ஏற்று. மறுபடி காத்திரு. கடைசி இருபதை ஏற்று. அந்த நவம்பரில் போன அறுபதும் இப்படித்தான் மூன்று கூட்டமாகப் பிரிந்தன.

ராக்கெட் செய்ய முடியாததைக் காத்திருப்பு செய்கிறது. மைத்துனருக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார். எனக்கே நம்பச் சில நாள் ஆனது, நோட்டில் போட்டுப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டேன்.

14 ஜூலை

"கீழே இருப்பது எப்படி அய்யா வேகமாகப் போகும்?" என்று கேட்ட தம்பிக்கு: கீழே ஈர்ப்பு அதிகம், விழாமல் இருக்க வேகமாகத்தான் ஓட வேண்டும். வட்டமும் சின்னது. 350 கிலோமீட்டரில் ஒரு சுற்றுக்கு 91.5 நிமிடம், 550-இல் 95.6 நிமிடம். ஒவ்வொரு சுற்றிலும் கீழே இருப்பவர் நான்கு நிமிடம் முந்துவார். ஒரே தளத்துக்குள் இடைவெளி விட்டு நிறுத்துவதற்கு இந்த நான்கு நிமிடம் போதும். யாரை எப்போது மேலே ஏற்றுகிறோம் என்பதை மாற்றினாலே அவர் போய் நிற்கும் இடம் மாறிவிடும்.

16 ஜூலை

இஸ்ரோவைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். வந்துகொண்டே இருக்கிறேன்.

ஒன்வெப் என்ற கம்பெனி, இதுவும் சாட்டிலைட் இன்டர்நெட்தான். பார்தி குழுமமும் பிரிட்டன் அரசும் திவாலிலிருந்து வாங்கி நிமிர்த்தியது. இவர்களுடைய சாட்டிலைட்டுகளை ரஷ்யாவின் சோயூஸ் ராக்கெட்டுகள் ஏற்றிக்கொண்டிருந்தன. 2022 மார்ச் தொடக்கத்தில் பைக்கனூரில் ராக்கெட் ஏவுமேடையில் நிற்கிறது, உக்ரைன் போர் தொடங்கிவிட்டது. ராணுவத்துக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி கொடு, பிரிட்டன் அரசு தன் பங்கை விற்க வேண்டும் என்று ரஷ்யத் தரப்பு நிபந்தனை போட்டது. முடியாது என்றார்கள். ராக்கெட்டை மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள். உள்ளே இருந்த 36 சாட்டிலைட் அங்கேயே மாட்டிக்கொண்டன.

ஒன்வெப்புக்கு அப்போது வேறு வண்டி வேண்டும். யாரிடம் போனார்கள்? ஒரு பக்கம் ஸ்டார்லிங்கை நடத்தும் போட்டிக் கம்பெனியான ஸ்பேஸ்எக்ஸிடமே போய் ஃபால்கன் 9-இல் இடம் வாங்கினார்கள். எதிர்க்கடைக்காரன் வண்டியில் நம் சரக்கு! இன்னொரு பக்கம் இஸ்ரோவின் வணிகக் கிளையான நியூஸ்பேஸ் இந்தியா நிறுவனத்தோடு ஒப்பந்தம். இரண்டு ஏவல், ஒவ்வொன்றிலும் 36.

முதலாவது 2022 அக்டோபர் 23, நள்ளிரவு 12.07. மறுநாள் தீபாவளி. நாங்கள் மீஞ்சூர் பக்கம் மொட்டை மாடியில் நின்றோம். தெருவில் பசங்கள் முன்கூட்டியே ராக்கெட் பட்டாசு விட்டுக்கொண்டிருந்தார்கள். வடக்கே அடிவானம் ஆரஞ்சு நிறத்தில் வெளுத்து ஒரு நெருப்பு எழும்பியதும் எல்லாரும் கத்தினோம். பக்கத்து வீட்டுப் பாட்டி மட்டும் "யாரு வீட்டு வெடிடா அது, இவ்ளோ பெருசா" என்றார்.

வண்டி எல்விஎம்3. உயரம் 43.5 மீட்டர், எடை சுமார் 640 டன். கிளம்பும்போது எரிவது பக்கவாட்டில் இருக்கும் இரண்டு எஸ்200 திட எரிபொருள் பூஸ்டர்கள்தான். நடுவில் இருக்கும் எல்110 நிலையின் இரண்டு விகாஸ் எஞ்சின்களும் இரண்டு நிமிடம் நெருங்கும்போதுதான் பற்றும். அதற்குப் பின் மேலே இருக்கும் சி25 கிரையோஜெனிக் நிலை, ஒரே ஒரு சிஇ-20 எஞ்சின், திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும். விகாஸ், சிஇ-20 இரண்டையும் எரித்துச் சோதிப்பது நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில்.

36 சாட்டிலைட்டும் சேர்ந்து 5.8 டன். முதல் தடவை சுமார் 600 கிலோமீட்டரில் விட்டார்கள். இரண்டாவது 2023 மார்ச் 26, ஞாயிறு காலை 9 மணி, அது 450 கிலோமீட்டரில். ஒன்வெப் போய்ச் சேர வேண்டிய உயரமோ 1,200. மீதி ஏற்றம் முழுக்க செனான் வாயுவில் ஓடும் சின்ன உந்திகளின் பொறுப்பு. அதற்கு மாதங்கள் பிடிக்கும்.

முதல் ஏவல் நடந்த அந்த ராத்திரி எல்லாரும் கைதட்டிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்கள். சாட்டிலைட்டுகள் அப்போதுதான் பிரிய ஆரம்பித்திருந்தன. நேரலையில் 16 பிரிந்ததுவரை உறுதியாகத் தெரிந்தது. மீதி 20 பிரியும்போது ராக்கெட் தரை நிலையத்தின் பார்வையை விட்டுப் போய்விட்டது, தகவல் பின்னால்தான் வந்தது. நான் மட்டும் போனைப் பார்த்தபடி மாடியில் உட்கார்ந்திருந்தேன். கொசுக்கடி வேறு.

17 ஜூலை

யோசித்துப் பார்த்தால் மைத்துனரை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. எல்விஎம்3 செய்ததில் கொஞ்சம் ஷேர் ஆட்டோ வாடை இருக்கிறது. 36-ஐயும் ஒரே அடியில் கொட்டவில்லை. ஒரு தாங்கியைச் சுற்றி மாட்டியிருந்தார்கள். நான்கு நான்காக, ஒன்பது தவணையில் விட்டார்கள். ஒவ்வொரு தவணைக்கும் நடுவில் சி25 நிலை தன் திசையைத் திருப்பிக்கொண்டு, முன்னால் விட்டவற்றின் மேல் பின்னால் விடுபவை மோதாதபடி பார்த்துக்கொண்டது. கிளம்பியதிலிருந்து எல்லாம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

ஆனால் கவனியுங்கள், அத்தனை நிறுத்தமும் ஒரே தெருவில்தான். உயரம் மாறவில்லை, தளம் மாறவில்லை. மைத்துனர் சொல்வது ஊரெல்லாம் சுற்றும் ஆட்டோ.

இன்னொன்று. ஒன்வெப்பின் தளங்கள் கிட்டத்தட்ட துருவத்துக்கு மேலாகப் போகின்றன, சாய்வு 88 டிகிரிக்கு ஒரு நூல் கம்மி. அந்தச் சாய்வில் பிதுக்கத்தின் வேலை ரொம்ப மந்தம். நாளுக்கு 0.2, 0.3 டிகிரி என்ற அளவில்தான் தளம் திரும்பும். அதனால் 13-ஆம் தேதி நான் சொன்ன காத்திருப்பு விளையாட்டை இங்கே நினைத்தபடி ஆட முடியாது. மொத்தம் 12 தளம். பக்கத்துத் தளம் சுமார் 15 டிகிரி தள்ளி இருக்கும், காத்திருந்தே அங்கே போக மூன்று மாதத்துக்கு மேல் வேண்டும். ஆகவே எந்தத் தளத்துக்கு வேண்டுமோ, ராக்கெட்டையே அதற்கு ஒட்டிய நேரத்தில் கிளப்பிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

பன்னிரண்டு தளமும் துருவத்துக்குப் பக்கத்தில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். மோதாமல் இருக்கத் தளத்துக்குத் தளம் உயரத்தில் சில கிலோமீட்டர் வித்தியாசம் வைத்திருக்கிறார்கள்.

20 ஜூலை

இத்தனைக்கும் நான் இந்தத் தாழ்வான சாட்டிலைட்காரன் இல்லை. வி-சாட்காரன், அதாவது உயரத்தில் அசையாமல் நிற்கும் சாட்டிலைட்டை நோக்கிச் சின்ன டிஷ் நட்டு இணைப்புக் கொடுப்பவன். கிராமத்து ஏடிஎம் மொட்டை மாடியில் டிஷ் நட்டு, காம்பஸ் வைத்து, போல்ட்டை அரை திருகு தளர்த்தி மோடத்தில் சிக்னல் எண் ஏறுகிறதா என்று பார்த்துப் பாதி ஆயுள் போயிற்று. எங்களுக்குச் சாட்டிலைட் என்றால் 35,786 கிலோமீட்டரில், நடுக்கோட்டுக்கு நேர் மேலே, அசையாமல் நிற்பது. 83 டிகிரி கிழக்கில் இருக்கும் ஒன்றைச் சென்னையிலிருந்து பிடிக்க எலிவேஷன், அதாவது டிஷ்ஷை மேலே தூக்கும் கோணம், 74 டிகிரி வைக்க வேண்டும். கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே. மார்ச்சிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் சரியாக அதன் பின்னால் வந்து நிற்கும்போது சில நாட்களுக்குத் தினமும் சில நிமிடம் லிங்க் செத்துவிடும். மேனேஜருக்கு இதை விளக்கிச் சொன்னால் "சூரியனால பணம் வரலையா" என்று ஒரு பார்வை பார்ப்பார்.

அந்த உயரத்துக்கு யாரையும் ராக்கெட் நேரே கொண்டுபோய் வைப்பது அபூர்வம். ஒரு முனை சில நூறு கிலோமீட்டரில், மறுமுனை 36,000 பக்கத்தில் இருக்கும் நீள்வட்டப் பாதையில் விட்டுவிட்டு ராக்கெட் விடைபெறும். அப்புறம் சாட்டிலைட் தன் சொந்த எஞ்சினை மேல் முனையில் எரித்து, நீள்வட்டத்தை வட்டமாக்கி, சாய்வையும் சரிசெய்துகொள்ள வேண்டும். நம்முடையவற்றில் இது 440 நியூட்டன் திரவ எஞ்சின். கட்டளை கர்நாடகத்து ஹாசனிலிருந்து போகும்.

இங்கேதான் உயிர் போகும். ஜிசாட்-6ஏ என்ற தகவல்தொடர்பு சாட்டிலைட், 2018 மார்ச் 29, ஜிஎஸ்எல்வி ராக்கெட் அருமையாக வேலை செய்தது. இரண்டு முறை எஞ்சினை எரித்தார்கள், அதற்கப்புறம் தொடர்பே இல்லை. அந்தப் பயத்தில், ஏவுவதற்காகத் தென் அமெரிக்காவின் கூரூவுக்குப் போய்ச் சேர்ந்திருந்த ஜிசாட்-11-ஐத் திரும்ப வரவழைத்துச் சோதித்துவிட்டு, அந்த டிசம்பரில்தான் ஏரியான்-5-இல் அனுப்பினார்கள். 5,854 கிலோ, இன்டர்நெட்டுக்கென்றே செய்தது. இப்போது நன்றாக இருக்கிறது.

இந்த வருஷம் ஜனவரி 29-ஆம் தேதி என்விஎஸ்-02. ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவல், ஊரே கொண்டாடியது. ராக்கெட் சரியாக விட்டது. சாட்டிலைட்டின் எஞ்சினுக்கு, எரிபொருளை எரிய வைக்கும் ஆக்சிஜனேற்றியைத் திறந்துவிடும் வால்வு திறக்கவில்லை. நீள்வட்டத்திலேயே மாட்டிக்கொண்டது. அது இன்டர்நெட் சாட்டிலைட் இல்லை, வழிகாட்டி வகை. ஆனாலும் இந்தக் கேள்வி-பதில் இழைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது.

முழுக்க மின் உந்தியிலேயே 36,000-க்கு ஏறுகிறவையும் உண்டு. 2015 மார்ச்சில் ஃபால்கன் 9-இல் போன இரண்டு போயிங் சாட்டிலைட்டுகள் அந்த வகை. எடை மிச்சம், ஆனால் போய்ச் சேர அரை வருஷம்.

25 ஜூலை

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் அண்ணன் நேற்று நள்ளிரவுக்கு மேல் லைன் போய்விட்டது, சாட்டிலைட் விழுந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். விழவில்லை. உலகம் முழுக்க இரண்டரை மணி நேரம் ஸ்டார்லிங்க் படுத்துவிட்டது. வலையமைப்பின் மையத்தை இயக்கும் மென்பொருளில் கோளாறு என்று கம்பெனியே சொல்லிவிட்டது. மேலே ஆயிரக்கணக்கில் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தன.

உங்கள் டிஷ்ஷை யாரும் போல்ட் திருகி வைக்கவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். அது மின்னணு முறையில் தானாகவே ஒவ்வொரு சாட்டிலைட்டாகத் துரத்திப் பிடிக்கும். என் பிழைப்பைக் கெடுத்த சாதனம்.

31 ஜூலை

நேற்று சாயங்காலம் 5.40-க்கு, இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நைசார் சாட்டிலைட் கிளம்பியது. பழவேற்காடு ஏரிக்கரைக்குப் போயிருந்தோம், ஏகக் கூட்டம். ஐஸ் வண்டிக்காரருக்கு நல்ல வியாபாரம்.

இது பூமியைப் பார்க்கும் ரேடார், இன்டர்நெட் இல்லை. இருந்தாலும் இங்கே எழுத இரண்டு காரணம்.

ஒன்று, 13-ஆம் தேதி சொன்ன அதே பிதுக்கம். நைசார் 747 கிலோமீட்டரில், 98 டிகிரிக்கு மேல் சாய்வில் போகிறது. 90-ஐத் தாண்டினால் தளம் எதிர்ப்பக்கம், கிழக்கு நோக்கித் திரும்பும். சரியான உயரமும் சாய்வும் வைத்தால் அது வருஷத்துக்கு 360 டிகிரி, அதாவது சூரியனோடு சேர்ந்தே நகரும். ஒவ்வொரு ஊரின் மேலும் எப்போதும் ஒரே உள்ளூர் நேரத்தில் கடக்கும். ஸ்டார்லிங்க் தன் தளங்களைப் பிரிக்க எதைப் பயன்படுத்துகிறதோ, அதையே இவர்கள் நேரம் தவறாமல் வரப் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டு, இலங்கை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பக்கம் போக வேண்டுமென்றால் நேரே தெற்கே விட முடியாது, கழற்றிவிடும் பாகங்கள் இலங்கையின் மேல் விழக்கூடும். அதனால் முதலில் தென்கிழக்காகக் கிளம்பி, கடலுக்கு மேலே போன பின் வளைந்து தெற்கே திரும்ப வேண்டும். இந்த வளைவுக்கு எரிபொருள் தண்டம். சின்ன ராக்கெட்டுக்கு இந்தத் தண்டம் ரொம்ப வலிக்கும். தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் கட்டுவதற்குக் காரணமே இதுதான். அங்கிருந்து தெற்கே பார்த்தால் வெறும் கடல்.

3 ஆகஸ்ட்

"எல்லாம் சரி, ஏன் அவ்வளவு கீழே இறக்கிவிட வேண்டும், முதலிலேயே 550-இல் விட்டால் என்ன?"

நல்ல கேள்வி. இரண்டு காரணம். கீழே விட்டால் ராக்கெட் அதிகம் சுமக்கலாம். அப்புறம், பிறவியிலேயே கோளாறான சாட்டிலைட் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், காற்றின் உராய்வில் சீக்கிரம் விழுந்து எரிந்துவிடும். குப்பையாக மேலே நிற்காது.

ஆனால் கீழே இருப்பது காற்றோடு வாழ்வது. 2022 பிப்ரவரி 3, ஃப்ளோரிடாவிலிருந்து 49 ஸ்டார்லிங்க். பாதை பூமிக்கு மிக அருகில் வரும் இடமான தாழ்முனை 210 கிலோமீட்டர். மறுநாள் சூரியப் புயலால் பூமியின் காந்தப்புலத்தில் கொந்தளிப்பு. மேல் வளிமண்டலம் சூடாகி உப்பியது. முந்தைய ஏவல்களைவிட உராய்வு 50 சதவீதம் வரை கூடிவிட்டது. சாட்டிலைட்டுகளைப் பக்கவாட்டில் திருப்பி, காற்றுக்கு விளிம்பை மட்டும் காட்டிப் பறக்க வைத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. கிட்டத்தட்ட நாற்பது விழுந்தன. அத்தனைக்கும் அது பெரிய புயல்கூட இல்லை. அதற்கப்புறம் இறக்கும் உயரத்தைக் கூட்டினார்கள்.

2024 ஜூலை 11 இன்னும் மோசம். கலிபோர்னியா ஏவல். ஃபால்கன் 9-இன் இரண்டாம் நிலையில் திரவ ஆக்சிஜன் கசிந்து, இரண்டாவது எரிப்பு நடக்கவில்லை. 20 சாட்டிலைட்டையும் தாழ்முனை 135 கிலோமீட்டரில் இருக்கும் பாதையில் விட வேண்டியதாயிற்று. 135 என்பது காற்றுக்குள்ளேயே இருப்பது மாதிரிதான். மின் உந்திகளை முழு வேகத்தில் ஓட விட்டார்கள். இருபதும் போயின.

மின் உந்தி ஏன் காப்பாற்றவில்லை என்பதற்குக் கணக்கு: அப்போதைய ஸ்டார்லிங்க் வகையான வி2 மினி சாட்டிலைட்டின் ஆர்கான் உந்தி தருவது 170 மில்லிநியூட்டன், அதாவது 17 கிராம் எடை அழுத்தும் அளவு. சாட்டிலைட் சுமார் 800 கிலோ. நாள் முழுக்க நிறுத்தாமல் ஓட்டினாலும் வேகம் மணிக்கு 66 கிலோமீட்டர்தான் கூடும். பொறுமையாக மாதக்கணக்கில் ஏறத்தான் லாயக்கு, அவசரத்துக்கு உதவாது. முதலில் கிரிப்டான், இப்போது ஆர்கான் என்று இறங்கி வந்ததற்கு விலைதான் காரணம். ஆர்கான் நாம் மூச்சு விடும் காற்றிலேயே ஒரு சதவீதம் இருக்கிறது. செனான் வாங்குகிறவன் பணக்காரன்.

4 ஆகஸ்ட்

"வானத்தில் விளக்கு ரயில் போச்சு, பறக்கும் தட்டா?" என்று வருஷா வருஷம் யாராவது வீடியோ போடுகிறார்கள். இறக்கிவிட்ட முதல் சில நாள் எல்லாம் ஒரே வரிசையில் நெருங்கி, தாழ்வாகப் போகும், சூரிய ஒளி பட்டு மின்னும். அப்புறம் பிரிந்துவிடும். அந்த ரயிலைப் பார்த்தால், இன்னும் வேலைக்குச் சேராதவர்கள் என்று அர்த்தம்.

10 ஆகஸ்ட்

ஒரு வாசகர் துல்லியமாகக் கவனித்திருக்கிறார்: ஸ்டார்லிங்க் ஏவல் ஒரு நாள் தள்ளிப்போனால், மறுநாள் நேரம் சுமார் 20 நிமிடம் முன்னதாக அறிவிக்கிறார்களே, ஏன்?

போக வேண்டிய தளம் விண்வெளியில் ஒரு திசையில் நிற்கிறது. கீழே பூமி சுழல்கிறது. ஏவுதளம் அந்தத் தளத்துக்கு நேர் கீழே வரும் நொடியில் கிளம்பினால்தான் பக்கவாட்டில் திரும்பும் தண்டச் செலவு இருக்காது. நட்சத்திரங்கள் தினமும் நான்கு நிமிடம் முன்னதாக உதிப்பதுபோல இந்த நேரமும் நான்கு நிமிடம் முன்னால் வரும். அதோடு தளமே நாளுக்கு 4.5 டிகிரி மேற்கே நகர்கிறதே, அதற்கு 18 நிமிடம். ஆக 22. தளங்கள் நிறைய இருப்பதால் அன்றைக்கே வேறொரு தளத்துக்கான நேரத்தையும் மாற்றாகக் கையில் வைத்திருப்பார்கள், அதனால் எப்போதும் 22 என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஒன்வெப் நள்ளிரவு 12.07-க்குக் கிளம்பியதும் இதே காரணத்தால். அன்றைக்கு மாடியில் "நல்ல நேரம் பார்த்திருப்பாங்க" என்று சொன்னவர் இதைப் படித்தால் சரி. ஒரு விதத்தில் பார்த்தார்கள்தான்.

18 ஆகஸ்ட்

கடைசியாகக் கேட்டது: குலசேகரப்பட்டினத்திலிருந்து இன்டர்நெட் சாட்டிலைட் போகுமா?

2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டியது எஸ்எஸ்எல்வி என்ற இஸ்ரோவின் சின்ன ராக்கெட்டுக்காக. அந்த ராக்கெட் 500 கிலோமீட்டர் உயரத்துக்கு 500 கிலோ ஏற்றும். வி2 மினி ஒன்றுகூட ஏறாது, டிக்கெட் வாங்கியும் வெளியே நிற்க வேண்டியதுதான். ஒன்வெப் மாதிரி 150 கிலோ ஆள் என்றால் எடைக்கணக்கில் மூன்று பேர் போகலாம். நூற்றுக்கணக்கில் நிரப்ப அது ஆகாது, அதற்கு எல்விஎம்3 மாதிரி பெரிய வண்டிதான். ஆனால் ஒரு தளத்தில் ஒன்று செத்துப்போய், அந்த இடத்துக்கு மட்டும் மாற்று அனுப்ப வேண்டும் என்றால் பெரிய ராக்கெட் நிரம்பும்வரை காத்திருக்க முடியாது. அந்த வேலைக்குச் சின்ன ராக்கெட் சரியாக இருக்கும், அதுவும் இலங்கையைச் சுற்றிப் போகாமல் நேரே கிளம்ப முடிந்தால்.

செத்ததை என்ன செய்வது என்பது தனிக் கதை. 550-இல் இருப்பது சில வருஷத்தில் தானாக விழுந்துவிடும். 1,200-இல் செத்தால் நூற்றாண்டுக்கணக்கில் அங்கேயே சுற்றும். அதனால் உயிர் இருக்கும்போதே, மிச்சம் வைத்த வாயுவில் இறக்கிவிட வேண்டும். இறங்குவதற்கும் அதே குட்டி உந்திதான், அதற்கும் மாதங்கள் பிடிக்கும். அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், இது ஏற்கெனவே நீண்டுவிட்டது. மைத்துனரையும் கூட்டி வாருங்கள்.